ஆய்வுக்கூட விலங்குகள்: யாருடைய தேவை, எதுவரை தேவை?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். மனிதனின் நோய்க்கு மருந்து தேடுவதற்காக எலியையும் முயலையும் குரங்கையும் நோய்ப்படுத்திக் கொல்வது அறமாகுமா என்பது முதலாவது. எம்.ஃபார்ம் மருந்தியல் படிப்பில் இடம் கிடைத்திருக்கும் நிலையில், எலியைக் கையில் எடுக்கவே மனம் ஒப்பாத ஒருவர் அந்தப் படிப்பில் சேரலாமா என்பது இரண்டாவது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தியல் கற்பித்தவன், அவற்றில் சில ஆண்டுகள் பிற கல்லூரிகளின் விலங்குச் சோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் வைத்திருப்பவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்களில் ஒருவனாக என்னால் ஆக முடியவில்லை. அதற்குக் காரணம் என் வயிறு.

1960களின் இறுதியில், எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியது. மறுநாள் முதல் அரசு மருத்துவமனையில் வரிசை. கொதிநீர்ப் பாத்திரத்திலிருந்து இடுக்கியால் எடுத்த கண்ணாடி சிரிஞ்சில் கம்பவுண்டர் ஏற்றிய மருந்து, வடிகஞ்சியில் தண்ணீர் விட்டதுபோல் கலங்கலாக இருந்தது. முந்தைய நாள் குத்திய இடத்தின் தடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு அடுத்த இடத்தில் அன்றைய ஊசியைப் போடுவார். தொப்புளைச் சுற்றி 14 நாள். பத்தாம் நாளுக்குப் பிறகு தடிப்பில்லாத இடத்தைத் தேடுவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. அந்த நாய்க்கு வெறி இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், காத்திருந்து பார்க்கும் துணிவு யாருக்கும் வருவதில்லை.

அந்தக் கலங்கல் ஆட்டு மூளை என்பதைக் கல்லூரியில் படித்தபோதுதான் அறிந்தேன். 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநோய் ஏற்றிய முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி, ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசியாகப் போட்டார். 1911இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் செம்பிள், நோயுற்ற மூளைத் திசுவை அரைத்து ஃபீனால் சேர்த்து வைரஸைச் செயலிழக்க வைக்கும் முறையை வகுத்தார். இந்தியாவில் அந்த முறைக்கு ஆடுகள் பயன்பட்டன. ஆட்டின் மண்டைக்குள் வைரஸைச் செலுத்துவார்கள். நோய் முற்றிக் கால்கள் இழுத்துக்கொண்ட நிலையில் அதைக் கொன்று மூளையை எடுப்பார்கள். நீலகிரியில் 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்பட நாட்டின் பல நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் இதைத் தயாரித்து வழங்கின. எத்தனை லட்சம் வயிறுகளில் அது ஏறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை ஆடுகள் என்றும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தன் உயிரே போவதாக இருந்தாலும் பிற உயிரைப் போக்கும் செயலைச் செய்யாதே என்று சொல்லும் மரபு நம்முடையது. அதை எழுத்துக்கு எழுத்து ஏற்பவர், கடிபட்ட பிள்ளையின் முன்னாலும் அதையே சொல்லியாக வேண்டும். சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. அதற்காக அந்த நிலைப்பாடு பிழையாகிவிடாது. நாம் அந்த உயரத்தில் வாழவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. மேற்கே 1789இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம், விலங்குகளால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதைவிட, துன்பப்பட முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்றார். 1970களில் ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் அதை மேலும் கூர்மையாக்கினார். அறிவுத்திறன் குறைவு என்பதால் ஒரு குரங்கைப் பயன்படுத்தலாம் என்றால், அதே அளவு அறிவுத்திறன் உள்ள மனிதரை ஏன் பயன்படுத்துவதில்லை? இனம் ஒன்றுதான் காரணம் என்றால், அது நிறத்தைக் காரணம் காட்டிய பழைய அநீதியிலிருந்து எப்படி வேறுபடுகிறது? அமெரிக்கத் தத்துவவாதி டாம் ரீகன் இன்னும் ஒருபடி மேலே போய், பலன் எவ்வளவு பெரிதானாலும் ஓர் உயிரை வெறும் கருவியாக்கக் கூடாது என்றார். என் துறையில் இருந்தவர்கள் பலர் இந்தக் கேள்விகளை அசட்டை செய்து பார்த்திருக்கிறேன். அது சரியன்று. இவற்றுக்கு முழுமையான மறுப்பு என்னிடமும் இல்லை. விலங்குக்கு எதுவும் வலிக்காது என்றோ, அவை நமக்காகவே படைக்கப்பட்டவை என்றோ சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியை அறிவியலே அடைத்துவிட்டது. வலியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி எலியிடமிருந்து அறிந்தது. எலிக்கு வலிக்கும் என்ற எடுகோளின்றி அந்த ஆய்வுகளுக்குப் பொருளே இல்லை.

எனவே, விலங்குச் சோதனையை ஆதரிப்பவர்கள் இறுதியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: தேவை. வேறு வழி இல்லை, பலன் பெரிது, ஆகையால் செய்கிறோம். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஏற்பவன் அதன் கட்டுப்பாடுகளையும் ஏற்க வேண்டும். வேறு வழி இல்லை என்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உண்மையாக இருக்கக்கூடிய கூற்று. நேற்று உண்மையாக இருந்தது இன்று பொய்யாகியிருக்கலாம். பொய்யாகிவிட்டது என்று யாரும் தண்டோரா போட்டு அறிவிப்பதில்லை.

ஆட்டு மூளைத் தடுப்பூசியின் கதையை இவ்வளவு நீட்டியது இதற்காகத்தான். 1911இல் அது தேவையாக இருந்தது. என் வயிற்றில் ஏறிய காலத்திலும் நம் நாட்டில் வேறு வழி இல்லை என்றே சொல்வேன். 1970களில் செல் வளர்ப்பு முறையில், அதாவது விலங்கின் மூளையில் அன்றி ஆய்வுக்கூடப் புட்டியில் வளர்த்த செல்களில், தயாரான தடுப்பூசிகள் வந்தன. மூளைத் திசுவில் தயாரான ஊசிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அதில் கலந்திருக்கும் மையலின் என்ற நரம்புறைப் பொருளுக்கு எதிராக நம் உடல் கிளர்ந்தெழுந்து, தன் சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்கிவிடும். சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்று சில கணக்குகளும், சில நூறு பேரில் ஒருவருக்கு என்று வேறு சில கணக்குகளும் சொல்கின்றன. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், நரம்பியல் வார்டு ஒன்றில் அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தேன். கடித்த நாய் அதன்பிறகும் தெருவில் நலமாகத் திரிந்துகொண்டிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட கூலித் தொழிலாளிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. 1980களின் தொடக்கத்திலேயே உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு மூளைத் திசு ஊசிகளைக் கைவிடும் திசையில் பரிந்துரை செய்துவிட்டது. இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது 2004இன் இறுதியில்.

இடையில் ஓடிய இருபது ஆண்டுகள்தான் என்னை உறுத்துகின்றன. காரணம் இரகசியமானதன்று: விலை. ஆட்டு மூளை ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். செல் வளர்ப்பு ஊசி ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். காசுள்ளவருக்குக் கையில் ஐந்து ஊசி, இல்லாதவருக்கு வயிற்றில் பதினான்கு. ஆடா மனிதனா என்ற தராசைத்தான் நாம் எப்போதும் கையில் எடுக்கிறோம். அந்த இருபது ஆண்டுகளில் ஆடும் ஏழையும் ஒரே தட்டில் இருந்தார்கள், மறுதட்டில் இருந்தது நிதி ஒதுக்கீடு. விலைச் சிக்கலுக்கும் வழி இல்லாமல் இல்லை. தசையில் போடுவதற்குப் பதிலாகத் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடங்களில் போட்டால் ஒரே குப்பியைப் பலருக்குப் பகிரலாம் என்று தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். 1992இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது. இந்தியாவில் அதற்கு ஒப்புதல் 2006இல்தான் கிடைத்தது. மாற்று வழி இல்லை என்ற கூற்றைக் கேட்கும்போதெல்லாம், தேடிப் பார்த்து இல்லையா, தேடாமலே இல்லையா என்று எனக்குள் ஒரு சந்தேகம் எழுவது இந்த அனுபவத்தால்தான்.

ஆட்டின் இடத்துக்கு வந்தது எது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிலும் ஒரு விலங்கு இருக்கிறது. 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள், தகுந்த ஊட்டநீர் கொடுத்தால் சலிக்காமல் பெருகிக்கொண்டே போவதைக் கண்டார்கள். எஸ்பெராண்டோ மொழியில் பச்சைச் சிறுநீரகம் என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்துச் சுருக்கி அதற்கு வீரோ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு குரங்கின் வழிவந்த செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. குன்னூரிலும் பின்னாளில் வீரோ செல்லில் ரேபிஸ் ஊசி தயாரானது. ஆட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் விலங்குச் சோதனைக்கு வகுத்த மூன்று நெறிகளில் முதலாவதான மாற்றீடு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மற்ற இரண்டு நெறிகள், எண்ணிக்கையைக் குறைப்பதும் துன்பத்தைக் குறைக்கும்படி முறையைச் செப்பம் செய்வதும். நம் நாட்டு நெறிமுறைகள் ஆய்வு முடிந்த விலங்கின் மறுவாழ்வையும் நான்காவதாகச் சேர்த்திருக்கின்றன.

எந்த நோக்கத்துக்காக என்பதும் தேவையின் ஒரு பகுதிதான். இந்தியா இதை ஒருமுறை உலகுக்கே சொல்லியிருக்கிறது. போலியோ தடுப்பூசியை உருவாக்கவும் சோதிக்கவும் செம்முகக் குரங்குகள் தேவைப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை இங்கிருந்து விமானமேறின. 1955 சனவரியில் இலண்டன் விமான நிலையத்தில் முன்னூற்றுக்கும் அதிகமான குரங்குகள் மூச்சுத் திணறிச் செத்தபோது இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்ற உறுதிமொழியின் பேரில் மீண்டும் அனுமதித்தது. பின்னர் அமெரிக்காவில் அவை அணு ஆயுதக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டது தெரியவந்ததும், மொரார்ஜி தேசாயின் அரசு 1978இல் ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. பிள்ளைகளின் கால்கள் சூம்பிப் போகாமல் இருப்பதற்கென்று கொடுத்ததை, குண்டு வெடித்தபின் ஒரு சிப்பாய் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பான் என்று கணக்கிடுவதற்குப் பயன்படுத்தாதே என்பதுதான் அதன் பொருள். குரங்குக்கு இரண்டும் ஒரே சாவுதான். ஆனால் அதைக் கொன்றவர் சொல்லக்கூடிய நியாயம் இரண்டிலும் ஒன்றல்ல.

விலங்குச் சோதனை அறிவியல் முறையிலேயே பயனற்றது என்ற வாதத்தையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இதில் இரு தரப்பும் வசதியான பாதியை மட்டும் சொல்வது வழக்கம். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து, எந்த விலங்கிலும் சோதிக்காமல் விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு சில எலிகளே அதைத் தடுத்திருக்கும். மறுபுறம், 2006இல் இலண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை, குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு மட்டும் ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தியபோது, அன்றைக்கே அவர்களின் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் குழந்தைகள் கை கால் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தை இரு தரப்புமே தங்கள் சாட்சியாக அழைக்கும். அது விற்பனைக்கு வருமுன் சினையுற்ற விலங்குகளில் ஒழுங்காகச் சோதிக்கப்படவில்லை என்பது உண்மை. சோதித்திருந்தாலும் எலியை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள், முயல் காட்டிக்கொடுத்திருக்கும் என்பதும் உண்மை. எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு பதில் சொல்லும் என்பது தனித்தனியாகத்தான் தெரியவரும். ஆகவே பயனுள்ளது, பயனற்றது என்று மொத்தமாக முத்திரை குத்துவது இரு தரப்பிலும் சோம்பேறித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1950களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960இன் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. பிறகு விலங்குகள் நல வாரியம் 1962இல் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அவர் ஆய்வுக்கூடங்களை எந்த அளவுக்கு வெறுத்தார் என்பது ஒருபுறமிருக்க, நிறைவேறிய சட்டத்தின் 14ஆம் பிரிவு, நோயைத் தீர்க்கவும் உயிரைக் காக்கவும் உதவும் அறிவைத் தேடிச் செய்யப்படும் சோதனைகள் குற்றமாகா என்கிறது. 17ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது: இயன்ற இடங்களில் தவிர்க்க வேண்டும், நூலும் மாதிரியும் படமும் போதும் என்றால் மாணவருக்காக விலங்கை அறுக்கக் கூடாது, சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடக் கூடாது, கைப்பழக்கத்துக்காக மட்டும் செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். 1960இல் இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டோம். ஆனால் இதைக் கண்காணிக்க வேண்டிய மையக் குழுவுக்கு உண்மையில் உயிர் வந்தது 1998இல், மேனகா காந்தி அமைச்சராக இருந்தபோது. அவர்மீது ஆய்வாளர்களுக்கு இருந்த கோபம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் அந்தக் கோபம் பெருமளவு தணிந்துவிட்டது.

நாங்கள் மாணவர்களாக இருந்தபோது தவளையின் மூளையை ஊசியால் குத்திக் குலைத்து, அதன் இதயத் துடிப்பைப் புகை பூசிய உருளைத் தாளில் கோடாகப் பதிவு செய்வோம். ஒரு வகுப்புக்கு முப்பது தவளைகள். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒரே விடைக்காக அத்தனையும். பிறகு புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையில் உருவான எக்ஸ்ஃபார்ம் என்ற கணினி மென்பொருள் வந்தது. அதே கோட்டை மாணவர்கள் திரையில் பார்த்து, அதே கேள்விக்கு அதே விடையை எழுதினார்கள். அவர்கள் எங்களைவிட மோசமான மருந்தியலாளர்களாக ஆகிவிடவில்லை. அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. அதனால் எந்த முகப்பூச்சும் கடையிலிருந்து மறைந்துவிடவில்லை. எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்று எண்ணிப் பார்க்கும் பழைய நச்சுச் சோதனை 1927இல் வந்தது; 2002இல் சர்வதேச வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றையும் நிறுத்துமுன், நிறுத்தினால் அறிவியலே நின்றுவிடும் என்று யாராவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்றும் தேவை தீராத இடங்கள் உண்டு. அவற்றை மறைத்தால் உங்களுக்குப் பொய் சொன்னவனாவேன். மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைச் சில வாரம் பானைகளில் வைத்து, நஞ்சைக் கறந்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்பின் பங்கு அதோடு முடிகிறது. குதிரையின் பங்கு அங்கே தொடங்குகிறது: அந்த நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதுதான் நஞ்சுமுறிவு மருந்து. 1890களில் கண்டறிந்த வழி இன்றும் அப்படியே இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான கணக்கின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள். வரப்பில் கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரிடம் குதிரையின் உரிமையைப் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனால் அந்தக் குதிரைக்கு நல்ல லாயமும் தீனியும், ஒருமுறை குருதி எடுத்தபின் போதிய ஓய்வும் கிடைக்கின்றனவா என்று அந்த மருந்தைத் தயாரிப்பவரிடம் கேட்க நாக்கு எழ வேண்டும்.

ஆட்டை விடுவித்த ரேபிஸ் ஊசியிலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. ஒவ்வொரு தொகுதி ஊசியும் வேலை செய்கிறதா என்று பார்க்க, சுண்டெலிகளுக்கு அதைப் போட்டு, இரண்டு வாரம் கழித்து அவற்றின் மூளைக்குள் வைரஸைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணும் முறை பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. பதினான்கு நாள் கூண்டைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். ஊசி வேலை செய்யாத கூண்டில் ஆறாம் ஏழாம் நாளில் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, பிறகு பின்னங்கால் இழுபடும். இத்தனைக்கும் அந்தச் சோதனையின் முடிவு ஒரே மருந்துக்கே முறைக்கு முறை வெகுவாக மாறுபடும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஊசியில் உள்ள கிளைக்கோபுரதம் என்ற வைரஸின் மேலுறைப் புரதத்தை விலங்கின்றி நேரடியாக அளக்கும் எலைசா என்ற ஆய்வுக்கூடச் சோதனையை அதற்கு மாற்றாகக் கொண்டுவரும் பணி நடந்துவருகிறது. ஆட்டு மூளைக்கு ஆன இருபது ஆண்டு இதற்கும் ஆகக் கூடாது என்பது என் கவலை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சேருங்கள் என்றுதான் சொல்வேன். வாலைப் பிடித்துத் தூக்கப்படும் சுண்டெலியைவிட, குவித்த உள்ளங்கையிலோ சிறு குழாயிலோ எடுக்கப்படும் சுண்டெலிக்கு அச்சம் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அஞ்சிய விலங்கிலிருந்து வரும் எண்களும் நம்பத்தக்கவையல்ல. கை கூசுபவர்தான் அதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்வார். கை மரத்துப்போனவர்களால் துறைக்கு நேர்ந்த கேட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் முதுநிலை மாணவி ஒருவரின் விண்ணப்பம் வந்தது. ஏதோ ஓர் இலையின் சாறு சர்க்கரை நோயைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு குழு, குழுவுக்கு ஆறு, ஆக விஸ்டார் என்ற ஆய்வுக்கூட வகை எலிகள் 36. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற நஞ்சைக் கொடுத்துச் சர்க்கரை நோயை உண்டாக்கி, 28 நாள் கழித்துக் கொல்வது. இப்படிப்பட்ட விண்ணப்பம் ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக வரும். அவற்றில் ஒன்றுகூட மருந்தாகிக் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்த நஞ்சு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடும். அதன்பின் எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும். மாலையில் பரப்பிய உமிப் படுக்கை விடிவதற்குள் சொதசொதவென்று ஊறிவிடும். நாளடைவில் தோல் தொங்கும்.

"ஏனம்மா குழுவுக்கு ஆறு?" என்று கேட்டேன்.

"சீனியர் தீசிஸ்ல ஆறுதான் சார் இருக்கு."

"அந்த சீனியர் எங்கிருந்து எடுத்தாராம்?"

அவர் தன் வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி என்னைப் பார்த்தார். குழுவில் இருந்த கால்நடை மருத்துவர் மட்டும் சிரித்தார். எத்தனை எலி வேண்டும் என்பதற்குப் புள்ளியியல் கணக்கு ஒன்று உண்டு. நான்கு போதுமென்றும் வரலாம், பத்து வேண்டுமென்றும் வரலாம். தேவைக்குக் குறைவான எலிகளை வைத்து ஒன்றும் தெளியாமல் கொல்வதும் வீண் கொலைதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: இந்தச் சாறு ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தடுக்கிறதா என்று சோதனைக் குழாயில் பார்த்தாயிற்றா? இந்த இலை அப்படித்தான் வேலை செய்யும் என்பதே அவர் விண்ணப்பத்தின் அடிப்படை. பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பினோம். வழிகாட்டிக்கு வருத்தம்தான், ஆறு மாதம் போய்விடும் என்றார்.

நான்கு மாதத்தில் அந்த மாணவி திரும்பி வந்தார். இரண்டு நொதிகளிலும் சாறு ஒன்றும் செய்யவில்லை. மூன்று முறை செய்து பார்த்துத் தாளில் எண்களோடு கொண்டுவந்திருந்தார். எலி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டார். அந்த இலை வேலை செய்யவில்லை என்ற முடிவையே தீசிஸாகச் சமர்ப்பித்தார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அவரை ஒரு மணி நேரம் துளைத்தெடுத்துவிட்டுத் தேர்ச்சி போட்டார்.